வேண்டுதலும் கட்டளையும்

ஓர் ஆலயத்தில் பல நூற்றாண்டுகள் ஒரு தெய்வத்துக்கு ஆராதனை நடந்து, பின்பு அரசு மாறியதாலோ மதம் மாறியதாலோ அதே சுவர்களுக்குள் வேறொரு தெய்வத்தின் நாமம் ஒலிக்கத் தொடங்குமானால், முன்பு அங்கே குடிகொண்டிருந்ததாக நம்பப்பட்ட சாந்நித்தியம் என்ன ஆயிற்று என்று கேட்பது வீண் வினா ஆகாது. அது பழைய தெய்வத்தோடு கூடவே வெளியேறிவிட்டதா? புதிய தெய்வத்துக்குப் பரம்பரைச் சொத்தைப் போல் வந்து சேர்ந்ததா? அல்லது தொடக்கம் முதலே அது எந்தத் தெய்வத்தையும் சேராமல், அங்கே வந்து கைகூப்பிய மனிதரை மட்டுமே சேர்ந்ததாக இருந்ததா? சமய சரித்திரத்தில் இக்கேள்வி எழாத தேசம் அரிது. ஆயினும், அதனை ஏட்டில் உள்ள தத்துவமாக வையாமல், கல்லிலும் சுண்ணத்திலும் கண்கூடாக நிறுத்திக் காட்டும் ஓர் இடத்தைச் சொல்லச் சொன்னால், மத்தியதரைக் கடலின் நடுவே கிடக்கும் சிசிலித் தீவின் கீழைக்கரையில் உள்ள சீரகூசா நகரத்தையே முதலில் சொல்ல வேண்டும்.

சிசிலியின் இயற்கை அமைப்பை அறியாமல் அதன் தெய்வங்களை அறிய இயலாது. வடகிழக்கு முனையில் இத்தாலிய நிலப்பரப்பிலிருந்து அதனைப் பிரிப்பது, மிகக் குறுகிய இடத்தில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு நீர்ச்சந்தி. தென்மேற்கே ஆப்பிரிக்கக் கரையோ சுமார் 150 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கிழக்கே 3,300 மீட்டருக்கும் மேலாக உயர்ந்து நிற்கும் எட்னா எரிமலை, தன் சாம்பலால் அடிவாரத்துத் திராட்சைக்கும் எலுமிச்சைக்கும் வளம் ஊட்டிக்கொண்டே, தன் நெருப்புக் குழம்பை 1669-ஆம் ஆண்டில் கத்தானியா நகரத்துக்குள்ளேயே அனுப்பிவைத்தது. 24 ஆண்டுகள் கழித்து, 1693 ஜனவரியில் நேர்ந்த பூகம்பம் தீவின் தென்கிழக்கு மூலையில் இருந்த ஊர்களைத் தரைமட்டமாக்கிப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டு சென்றது. உட்பகுதியில், குன்றுக்கு அப்பால் குன்றாக, ஒரு காலத்தில் ரோமாபுரிக்கே படியளந்த கோதுமை வயல்கள் விரிந்து கிடக்கின்றன. இத்தீவுக்குப் பினீசியர் வந்தனர், கிரேக்கர் வந்தனர், ரோமர், பைசாந்தியர், அரபியர், நார்மானியர், ஸ்பானியர் என்று ஒருவர்பின் ஒருவராக வந்தனர். ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தம் தெய்வத்தைத் தம் கப்பலிலேயே கொண்டு வந்தனர். வந்து இறங்கிய பின்னரோ, முன்பு இருந்தவர்கள் எவற்றுக்கு அஞ்சினார்களோ அவற்றுக்கே தாமும் அஞ்ச வேண்டியவர்கள் ஆயினர். கோதுமைக்கு மழை, கப்பலுக்கு அமைதியான கடல், வீட்டுக்கு ஆடாத பூமி என்னும் இம்மூன்றையும் விண்ணப்பிக்காத மதம் எதுவும் அங்கே வேரூன்ற முடியவில்லை.

சீரகூசாவின் பழைய பகுதி ஒர்த்தீஜியா என்ற சிறு தீவு. பாலங்களால் கரையோடு பிணைக்கப்பட்டது. உப்புக் கடலுக்குச் சில அடிகள் அருகிலேயே நன்னீர் சுரக்கும் அரெத்தூசா என்ற ஊற்று அதில் உண்டு. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் கொரிந்து நகரத்திலிருந்து வந்த கிரேக்கர் முதலில் குடியேறியது இத்தீவில்தான். அதன் மேட்டு நிலத்தில், கி.மு. 480-ஆம் ஆண்டில் ஹிமேராவில் கார்த்தேஜ் நாட்டுப் படையை முறியடித்த கெலோன் என்ற அரசன், அந்த வெற்றியின் காணிக்கையாக அதீனா தேவிக்கு டோரிய பாணியில் ஒரு பெரிய ஆலயம் எழுப்பினான். அதன் முகட்டில் பதித்திருந்த தேவியின் கேடயம் கடலில் வெகுதூரம் வரையில் ஒளி வீசியதாகவும், துறைமுகத்தை விட்டுப் புறப்படும் மாலுமிகள் அது கண்ணுக்கு மறையும் கணத்தில் பூவும் தேனடையும் சாம்பிராணியும் இட்ட மண்கிண்ணம் ஒன்றைக் கடலில் விட்டுப் பிரார்த்தனை செய்ததாகவும் பழைய கிரேக்க நூல் ஒன்றால் அறிகிறோம். கி.பி. ஏழாம் நூற்றாண்டில் சோசிமுஸ் என்ற மேற்றிராணியார் அவ்வாலயத்தையே கிறிஸ்தவப் பேராலயமாக மாற்றினார். 878-ல் நகரம் அரபியர் வசமானபின் அது பள்ளிவாசலாயிற்று. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் நார்மானியர் வென்றபின் மறுபடியும் பேராலயமாயிற்று. 1693-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் முகப்பு இடிந்து விழ, 1728 முதல் 1753 வரையில், அந்திரேயா பால்மா என்ற சிற்பியின் திட்டப்படி, சுருளும் நெளிவும் மிகுந்த இன்றைய முகப்பு கட்டப்பட்டது. இன்று அது தேவமாதாவின் பிறப்புக்கு அர்ப்பணிக்கப்பட்ட ஆலயம். வேளாங்கண்ணியில் செப்டம்பர் 8-ஆம் நாள் கொண்டாடப்படும் அதே பிறப்புத் திருநாள்தான் இவ்வாலயத்துக்கும் உரியது. முகப்பைக் கடந்து பக்கச் சுவரைப் பார்ப்பவர்களுக்கு, இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன் அதீனாவுக்காக நிறுத்திய தூண்கள், பூகம்பங்களில் சிறிதே சாய்ந்தும் விழாமல், சுவரினுள்ளிருந்து பாதி உடலை நீட்டிக்கொண்டு நிற்பது தெரியும்.

இம்மாற்றம் நிகழ்ந்த முறை ஆழ்ந்து நோக்கத் தக்கது. கிரேக்க ஆலயத்தில் கருவறை என்பது தெய்வத்தின் வீடு. ஜனங்கள் அதனுள் கூடுவதில்லை. ஆலயத்துக்கு வெளியே, ஆகாயத்தின் கீழ் அமைந்த பலிபீடத்தைச் சூழ்ந்துதான் நிற்பார்கள். கிறிஸ்தவ வழிபாட்டிலோ சபை உள்ளே கூட வேண்டும். பலிபீடமும் உள்ளேதான் இருக்க வேண்டும். ஆகவே, காற்றும் வெளிச்சமும் புகுந்து சென்ற வெளித் தூண்களின் இடைவெளிகள் சுவர் வைத்து அடைக்கப்பட்டன. தெய்வத்தைத் தனிமையில் வைத்திருந்த கருவறைச் சுவர்களோ வரிசை வரிசையாக வளைவுகள் வெட்டித் திறக்கப்பட்டன. கற்கள் இடம் பெயரவில்லை. ஆனால் வெளியே நின்ற மனிதன் உள்ளே அழைக்கப்பட்டான். எதுவும் மாறவில்லை, பெயர்தான் மாறிற்று என்று சொல்பவர் அந்த வளைவுகளைப் பார்க்கட்டும். எல்லாம் மாறிவிட்டது, பழையதன் சுவடே இல்லை என்று சொல்பவர் அந்தத் தூண்களைப் பார்க்கட்டும். மேலும், இதனைக் கண்டு சமய சகிப்புத்தன்மையின் சின்னம் என்று நாம் பூரித்துப் போவதும் பொருந்தாது. பைசாந்தியப் பேரரசு நாற்புறமும் நெருக்குண்டிருந்த காலத்தில் இருந்த சோசிமுஸுக்குப் பழைய தேவியின்மீது பரிவு இருந்திருக்கும் என்று கொள்ள முகாந்தரம் இல்லை. உறுதியான தூண்களும் நகரத்தின் நடுவே நல்ல மனையும் ஆயத்தமாக இருந்தன, அவ்வளவுதான். சரித்திரத்தில் மதங்களுக்கிடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல்களில் பாதிக்குமேல் இவ்வாறு பெருந்தன்மையால் நிகழாமல் தேவையினால் நிகழ்ந்தவையே.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். அதற்கு மூன்று விடைகள் சொல்லப்படுவதுண்டு. முதலாவது, புனிதம் இடத்தைச் சேர்ந்தது. குடியிருப்போர் மாறினாலும் வீடு வீடாகவே இருப்பதுபோல, தெய்வங்கள் மாறினாலும் ஸ்தலம் ஸ்தலமாகவே இருக்கும் என்பது. இக்கொள்கைக்குச் சிசிலியில் சான்றுகள் உண்டு. தீவின் மையத்தில், 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்த என்னா என்ற மலையூரின் அருகே, பெர்குசா ஏரிக்கரையில் பெர்செபோனி மலர் கொய்துகொண்டிருந்தபோதுதான் பாதாளத்தின் அரசன் அவளைக் கவர்ந்து சென்றான் என்றும், தானிய தேவியாகிய தாய் டிமீட்டர் எட்னாவின் நெருப்பில் தீவட்டிகளைக் கொளுத்திக்கொண்டு உலகமெங்கும் மகளைத் தேடி அலைந்தாள் என்றும், அத்துயரத்தில் பயிர்கள் வாடின என்றும் புராணம் கூறும். இத்தேவியை ரோமர் செரெஸ் என்று அழைத்தனர். கி.மு. 133-ல் ரோமத் தலைவர் திபேரியுஸ் கிராக்குஸ் கொலையுண்டு நாடு கலங்கியபோது, ரோமாபுரியிலேயே செரெஸுக்குச் சிறந்த ஆலயம் இருக்க, செனட் சபையார் தம் குருமார்களைக் கடல் கடந்து என்னாவுக்கு அனுப்பினர். மிகப் பழைய செரெஸ் அங்கேதான் இருக்கிறாள் என்பது அவர்கள் நம்பிக்கை. அதே காலத்தில், எஜமானர்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த அடிமைகள் என்னாவைக் கைப்பற்றிச் சில ஆண்டுகள் ஆண்டார்கள். ஆலயத்தை மட்டும் அவர்கள் தீண்டவில்லை. அடிமைகள் தீண்டாததை, கி.மு. 73 முதல் 71 வரையில் தீவை ஆண்ட ரோமத் தேசாதிபதி வெர்ரெஸ் தீண்டினான். சீரகூசாவில் அதீனா ஆலயத்தின் தந்த வேலைப்பாடும் பொன் வேலைப்பாடும் அமைந்த கதவுகளைச் சிதைத்துச் சித்திரங்களைக் கவர்ந்த அவன், என்னாவில் தேவியின் விக்கிரகத்தையே தூக்கிச் சென்றான். அவன்மீது வழக்குத் தொடுத்த சிசரோ, அவ்வூராரின் துயரத்தைக் கண்டபோது இன்னொரு பாதாள அரசன் வந்து இம்முறை மகளை விடுத்துத் தாயையே கவர்ந்து சென்றதாகத் தோன்றிற்று என்ற கருத்துப்பட எழுதியிருக்கிறார்.

இச்சான்றுகளைச் சற்று நிதானமாகச் சீர்தூக்கினால், அவை நிலைநாட்ட வந்ததையே அசைப்பது விளங்கும். இடந்தான் புனிதமென்றால், விக்கிரகம் போனதற்கு என்னாவின் மக்கள் அவ்வாறு கதறியிருக்க வேண்டியதில்லை. சீரகூசாவின் காவல் புனிதையாகிய அர்ச்சியசிஷ்ட லூசியம்மாளின் வரலாறு இன்னும் தெளிவானது. அவ்வம்மையின் உடல் முதலில் கொன்ஸ்தாந்தினோபிளுக்கும், 1204-ல் நான்காம் சிலுவைப்போர் வீரர்கள் அந்நகரத்தைச் சூறையாடிய பின் வெனிஸ் நகரத்துக்கும் சென்றுவிட்டது. சீரகூசாவில் இருப்பது வெறுங்கல்லறை. அந்த வெறுங்கல்லறையை நோக்கித்தான் ஆண்டுதோறும் டிசம்பர் 13-ஆம் நாள் வெள்ளித் திருவுருவம் பேராலயத்திலிருந்து ஊர்வலமாகச் செல்கிறது. மறுபுறத்தில், 1953-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், அதே நகரத்தில் ஓர் ஏழைத் தொழிலாளியின் வீட்டில், அச்சில் வார்த்து மலிவாக விற்ற சாந்துப் படிமம் ஒன்றில் மாதாவின் கண்களிலிருந்து நான்கு நாட்கள் நீர் வழிந்ததாகச் செய்தி பரவி, லட்சக்கணக்கானோர் கூடி, 1994-ல் கண்ணீர் மாதாவின் பெயரால் கூம்பு வடிவமான ஒரு பெருங்கோயிலே திறக்கப்பட்டது. அந்த வீட்டுச் சுவருக்கு முந்தைய நாள் வரையில் எந்த மகிமையும் இல்லை. தென்கரையில் உள்ள அக்ரிஜெந்தோவின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே கொங்கோர்தியா என்று தவறாகப் பெயர் பெற்றுவிட்ட கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கிரேக்க ஆலயம் ஒன்று, எந்தத் தெய்வத்துக்காகக் கட்டப்பட்டது என்பது இன்று யாருக்கும் தெரியாத நிலையில், கி.பி. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்தவ ஆலயமானதால் இடிபடாமல் பிழைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வழிபாட்டை நீக்கிப் பிற்காலச் சுவர்களை அகற்றி, பழைய கிரேக்க வடிவத்தை மீட்டார்கள். வடிவம் மீண்டது, பழைய தெய்வம் மீளவில்லை, புதிய வழிபாடும் போயிற்று. இன்று அது உலகத்தார் வியந்து நோக்கும் கலைப்பொருளாக நிற்கிறது. ஆக, மனையும் கல்லும் முழுமையாக இருக்கும் இடத்தில் சாந்நித்தியம் இல்லாமற்போகலாம். உடல் இல்லாத கல்லறையிலும் ஏழைத் தொழிலாளியின் வீட்டுச் சுவரிலும் அது இருப்பதாக மக்கள் உணரலாம்.

இரண்டாவது விடை நம் நாட்டவருக்கு மிகவும் இனிப்பது. தெய்வம் ஒன்றே, நாமங்கள்தாம் பல. அதீனாவாக இருந்தவளே மாதாவானாள், டிமீட்டராக இருந்தவளே வேறு வேடம் பூண்டாள் என்னும் சமரசம் அது. சிசிலியின் மக்கள் வாழ்க்கை இக்கொள்கைக்குப் பக்கம் பக்கமாகச் சாட்சி சொல்லும் என்பதை மறுப்பதற்கில்லை. 1646-ல் சீரகூசா கொடும் பஞ்சத்தில் வாடியபோது, லூசியம்மாளிடம் ஊரார் வேண்டிக்கொள்ள, தானியம் நிறைந்த கப்பல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது என்பது ஐதிகம். பசி பொறாமல் கோதுமையை அரைக்கவும் நேரமின்றி அப்படியே அவித்து உண்டார்களாம். அதன் நினைவாக இன்றும் அவ்வம்மையின் திருநாளில் சிசிலியர் பலர் ரொட்டியை விலக்கி, குச்சீயா என்ற அவித்த கோதுமையை உண்கிறார்கள். கோதுமையைத் தந்தவள் என்று கிரேக்கர் கொண்டாடிய தேவியின் தீவில், கோதுமைக் கப்பலைத் தந்தவள் என்று ஒரு கன்னிகையைக் கொண்டாடுவது தற்செயல் என்று எளிதில் தள்ள முடியுமா? கண்ணீர் மாதாவின் பெருங்கோயிலுக்கு அருகிலேயே, 1970-களில் அகழ்ந்தபோது, டிமீட்டருக்கும் அவள் மகளுக்கும் உரிய பழைய ஆராதனை இடம் ஒன்று வெளிப்பட்டு, கையில் தீவட்டியும் பன்றிக்குட்டியும் ஏந்திய சுடுமண் பாவைகள் ஏராளமாகக் கிடைத்தன. மகளை இழந்து அழுத தாயின் சந்நிதிக்கும் மகனை இழந்து அழுத தாயின் சந்நிதிக்கும் இடையே சில தெருக்களே உள்ளன. இவற்றையெல்லாம் அடுக்கி வைத்துப் பார்ப்பவர், எல்லாம் ஒன்றே என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உறங்கச் செல்லலாம்.

அவரை உறங்கவிடாதவள் அந்த லூசியம்மாள்தான். தியோக்ளேசியன் சக்கரவர்த்தி கிறிஸ்தவர்களை வதைத்த காலத்தில், 304-ஆம் ஆண்டில், சீரகூசாவில் அவள் வேதசாட்சியாக மரித்தாள் என்பது திருச்சபையின் மரபு. அவளுடைய வரலாற்றில் பிற்காலத்தார் சேர்த்த அற்புதங்கள் பல இருப்பினும், நானூறாம் ஆண்டை ஒட்டி அந்நகரத்து நிலவறைக் கல்லறை ஒன்றில் பொறித்த கிரேக்கச் சாசனம், எவுஸ்கியா என்ற பெண் லூசியாவின் திருநாளன்று காலமானாள் என்று குறிப்பதால், அவள் நினைவு மிகப் பழையது என்பது உறுதி. அவள் ஏன் மரித்தாள்? நகரத்துத் தெய்வங்களுக்குச் சிறிது தூபம் இட மறுத்ததால் மரித்தாள் என்று மரபு கூறுகிறது. எல்லாத் தெய்வங்களும் ஒன்றே என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உயிரோடு வீடு திரும்பியிருப்பாள். ரோமச் சாம்ராஜ்யம் அவளிடம் கேட்டதும் அந்தச் சமரசத்தைத்தான். அதீனாவும் மாதாவும் ஒருவரே என்று நாம் இன்று மெத்தையில் சாய்ந்துகொண்டு தீர்ப்பளித்தால், கேட்பதற்கு அது விசாலமான இதயத்தின் வாக்காகத் தோன்றும். ஆனால் அதன் உட்பொருள், அந்தப் பெண் ஒன்றுமில்லாத பேதத்துக்காகத் தன் உயிரை வீணாக்கிவிட்ட பேதை என்பதே. தன் விசாலத்துக்குள் எல்லாரையும் அடக்க விரும்பும் சமரசம், பேதத்துக்காக உயிர் கொடுத்தவர்களை மட்டும் வெளியே நிறுத்திவிடுகிறது. கரவாஜியோ என்ற ஓவியர் 1608-ல் சீரகூசாவுக்கு வந்து, அவள் கல்லறை ஆலயத்துக்காக வரைந்த பெருஞ்சித்திரத்தில், குழி வெட்டுவோர் இருவர் பூதாகாரமாக முன்னால் குனிந்திருக்க, அவர்களுக்குப் பின்னே தரையில் கிடக்கும் லூசியாவின் உடல் மிகச் சிறியதாகத் தெரியும். ஊரும் அரசும் ஒருபுறமாக நின்ற அன்று, மறுபுறத்தில் இருந்தது அந்த ஓர் உடலே.

அப்படியானால் மூன்றாவது விடையை ஒப்புக்கொள்ள வேண்டியதுதானா? ஒன்றே உண்மை, மற்றவை பொய். ஆலயம் மாறியபோது பொய் அகன்று மெய் புகுந்தது என்பது அது. இவ்விடைக்கு நேர்மை உண்டு. பேதத்தைப் பேதமாகவே ஒப்புக்கொள்ளும் துணிவு உண்டு. ஆனால் அதிகாரத்தோடு சேர்ந்தபோது அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் இத்தீவே காட்டுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ரோஜர் மன்னர் பலேர்மோவிலிருந்து ஆண்டபோது, அவருடைய அரண்மனை ஆலயத்தின் சுவர்களில் கிரேக்கக் கலைஞர்கள் பொன்னிறக் கண்ணாடிச் சில்லுகளால் கிறிஸ்துவை அமைக்க, மேற்கூரையை முஸ்லிம் தச்சர்களும் ஓவியர்களும் அரபு எழுத்துகளோடு அலங்கரித்தார்கள். அவருடைய குருமார்களில் ஒருவரான கிரிசாந்துஸ் தம் தாய் அன்னாவுக்காக 1149-ல் பதித்த நினைவுக்கல்லில், எபிரேய எழுத்தில் அரபு, லத்தீன், கிரேக்கம், அரபு எழுத்தில் அரபு என நான்கு வாசகங்கள், அந்தந்தச் சமூகத்தாருடைய சகாப்தக் கணக்கோடு பொறிக்கப்பட்டிருக்கின்றன. பலேர்மோப் பேராலயத்தின் தென்வாயில் தூண் ஒன்றில் இன்றளவும் குர்ஆன் வாசகம் இருக்கிறது. இவை கண்ணுக்கு இனியவை. ஆயினும், 1184-ஆம் ஆண்டின் இறுதியில் மக்கா யாத்திரை முடிந்து ஸ்பெயினுக்குத் திரும்பும் வழியில் மெஸ்ஸீனா அருகே கப்பல் உடைந்து சிசிலியில் கரையேறிய இப்னு ஜுபைர் என்ற முஸ்லிம் யாத்திரிகர், பலேர்மோவில் கிறிஸ்துமஸ் அன்று கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப்போல் உடுத்தி ஆலயம் சென்றதை வியந்து எழுதிய அதே நூலில், திராப்பானி ஊரில் ஒரு முஸ்லிம் தகப்பன், தன் மகள் மதத்தை இழந்துவிடக்கூடாதே என்று அஞ்சி, அவளை மணந்து தம் நாட்டுக்கு அழைத்துச் செல்லுமாறு யாத்திரிகர் ஒருவரிடம் ஒப்படைத்ததையும் எழுதினார்.

அந்தத் தகப்பனுடைய அச்சம் பொய்க்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பிரெடெரிக் சக்கரவர்த்தி எஞ்சியிருந்த முஸ்லிம்களை இத்தாலியின் தென்பகுதியில் லுச்சேராவுக்குக் குடிபெயர்த்தார். 1300-ல் அந்தக் குடியிருப்பும் அழிந்தது. 1492-ல் ஸ்பானிய மன்னர்களின் கட்டளை சிசிலிக்கும் செல்லுபடியாக, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூதர்கள் தீவை விட்டு நீங்கினர். ஒர்த்தீஜியாவில் அவர்கள் வாழ்ந்த தெருக்களுக்குக் கீழே, பாறையைக் குடைந்து, சுமார் 18 மீட்டர் ஆழத்தில் ஊற்றுநீர் நிறைந்த சுத்திகரிப்புக் குளங்கள் இருந்தன. அவற்றுக்குச் செல்லும் வழி மண்ணால் அடைக்கப்பட்டு, ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்கும்போதுதான் திறந்தது. அதீனாவின் தூண்களைக் காத்த நகரம் தன் அண்டை வீட்டாரைக் காக்கவில்லை. தூண்கள் பயன்பட்டன, மனிதர்கள் தடையாகத் தோன்றினார்கள். ஆலயங்களின் தொடர்ச்சியைப் புகழ்ந்து பேசும்போது, வழிபட்டவர்களின் தொடர்ச்சி அறுந்ததை மறந்துவிட்டால், கல்லுக்குக் காட்டும் கருணையை மனிதருக்குக் காட்ட மறந்தவர்களுடைய குற்றத்தில் நாமும் பங்காளிகள் ஆவோம்.

மூன்று விடைகளும் இவ்வாறு பாதி வழியில் நின்றுபோனால், கேள்வியையே வேறு விதமாகப் பிரித்துப் பார்ப்பது நலம். அதற்கு உதவுபவர், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில், இன்று அக்ரிஜெந்தோ என வழங்கும் அக்ரகாஸ் நகரத்தில் பிறந்த எம்பெதோக்ளெஸ். நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கு மூலங்களை அன்பு சேர்க்கிறது, பகை பிரிக்கிறது என்று உலகத் தோற்றத்தை விளக்கிய இம்மகான், மறுபிறப்பில் நம்பிக்கை கொண்டிருந்ததால், பலிபீடத்தில் மிருகத்தை வெட்டும் தகப்பன் உருமாறி வந்த தன் மகனையே அறியாமல் வெட்டக்கூடும் என்று நடுங்கினார். தெய்வத்துக்குத் தலையும் கைகால்களும் கற்பிப்பதை மறுத்து, உலகமெங்கும் ஊடுருவிப் பாயும் தூய சித்தமே தெய்வம் என்றார். அவர் வாழ்ந்த நகரத்திலேயோ கிரேக்க உலகத்தின் மிகப் பெரிய ஆலயங்களில் ஒன்று சேயுஸுக்கு எழும்பிக்கொண்டிருந்தது. சீரகூசாவில் ஆண்டுக்கு ஒருமுறை 450 காளைகளைப் பலியிட முடிவு செய்தார்கள் என்று தியோதோருஸ் என்ற பழைய சரித்திராசிரியர் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் இரண்டாம் ஹியெரோன் மன்னர் அங்கே எழுப்பிய பலிபீடத்தின் அடித்தளம், சுமார் 200 மீட்டர் நீளத்துக்கு, இன்னும் காணக் கிடக்கிறது. பலி கொடுத்தவர்களும் எம்பெதோக்ளெஸும் ஒரே தீவின் கோதுமையைத்தான் உண்டார்கள், ஒரே எட்னாவுக்குத்தான் அஞ்சினார்கள். அவர்களைப் பிரித்தது, தெய்வத்திடம் அவர்கள் கேட்டது அன்று; தெய்வம் தங்களிடம் கேட்பது என்ன என்று அவர்கள் உணர்ந்ததில்தான் பிரிவு இருந்தது.

சமயம் என்று நாம் ஒரே பெயரால் அழைக்கும் பொருளில் எதிரெதிராக ஓடும் இரண்டு நீரோட்டங்கள் இருக்கின்றன. ஒன்று மனிதனிடமிருந்து தெய்வத்தை நோக்கிச் செல்லும் வேண்டுதல். மற்றொன்று தெய்வத்திடமிருந்து மனிதனை நோக்கி வருவதாக அவன் உணரும் கட்டளை. வேண்டுதல் எங்கும் ஒன்றே. மண்கிண்ணத்தைக் கடலில் விட்ட மாலுமியும், பஞ்சத்தில் லூசியம்மாளை அழைத்த தாயும், மகளுக்காக அஞ்சிய திராப்பானித் தகப்பனும், அன்னாவின் நினைவுக்கல்லைப் பொறித்த மகனும் நாடியது ஒன்றே. நான் நேசிப்பவர்கள் காக்கப்பட வேண்டும் என்பதே. தூண்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் தாங்கி வந்திருப்பது அந்த வேண்டுதலைத்தான். ஆகவே தெய்வங்கள் மாறியும் அவை மாற வேண்டிய அவசியம் நேரவில்லை. கட்டளையோ எங்கும் ஒன்றாக இல்லை. கெலோனுடைய அதீனா வெற்றியின் பங்கைக் கேட்டாள். டிமீட்டர் பெண்களிடம் விரதத்தையும் ரகசியத்தையும் கேட்டாள். எம்பெதோக்ளெஸின் தூய சித்தம் இரத்தம் சிந்தாத கையைக் கேட்டது. இஸ்லாத்தின் இறைவன் நாள்தோறும் ஐந்து வேளை முழு மனிதனையும் நிலத்தில் பணியுமாறு கேட்டான். லூசியாவின் ஆண்டவர் பிளவுபடாத விசுவாசத்தைக் கேட்டார். வளைவுகள் வெட்டப்பட்டதும் இடைவெளிகள் அடைக்கப்பட்டதும் இந்த வேறுபாட்டினால்தான். எல்லா மதமும் ஒன்றே என்பது வேண்டுதலின் பக்கத்தில் நின்று பார்த்தால் சத்தியம். கட்டளையின் பக்கத்தில் நின்று பார்த்தால் அசத்தியம்.

இப்படிப் பிரித்துணர்வதால் வரும் பயன் வெறும் அறிவுத் தெளிவோடு நின்றுவிடுவதில்லை. சமரசம் பேசுவோரிடம், உங்கள் தெய்வம் உங்களிடம் என்ன கேட்டது, அதற்காக எதை இழந்தீர்கள் என்று வினவலாம். எதையும் கேட்காத தெய்வத்தை எல்லாரோடும் சமமாக வைப்பது யாருக்கும் எளிது. தம் மார்க்கமே மெய்யென்று நிற்போரிடம், உங்களுக்கு இடப்பட்ட கட்டளை உங்களை மற்றவரினின்றும் பிரிக்கலாம், ஆனால் பசிக்கும் கடலுக்கும் பூகம்பத்துக்கும் அஞ்சி நீங்கள் விடுக்கும் விண்ணப்பம், நீங்கள் வெளியேற்றியவருடைய விண்ணப்பத்திலிருந்து எந்த அட்சரத்தில் வேறுபடுகிறது என்று வினவலாம். சிசிலியின் ஆட்சியாளர்கள் செய்த பிழை, தமக்கு வந்த கட்டளையை அயலான் வீட்டு வாசலில் ஒட்டியதே. லூசியாவோ தனக்கு வந்ததைத் தான் மட்டுமே நிறைவேற்றினாள். தூபம் இட்டவர்களைத் தண்டிக்குமாறு அவள் யாரையும் கேட்டதாக மரபில் இல்லை. வேதசாட்சிக்கும் வதைத்தவனுக்கும் உள்ள வித்தியாசம் விசுவாசத்தின் அளவில் இல்லை, அந்த விசுவாசத்தின் விலையை யார் கொடுப்பது என்பதில் இருக்கிறது. ஆகையால், பழைய ஆலயம் எதனுள் நுழைந்தாலும் மனிதன் மனத்தில் இருத்த வேண்டிய நியதி ஒன்று உண்டு: வேண்டும்போது அவன் அங்கே முன்பு வேண்டிய அனைவரிலும் ஒருவன், எந்த உரிமையும் அவனுக்கு அதிகமில்லை, கட்டளையை ஏற்கும்போது அவன் தனி ஒருவன், அதன் விலையை வேறு எவர் தலையிலும் சுமத்த அவனுக்கு அதிகாரமில்லை.